பதினாலாம் காலுக்கும் பதினைந்தாம் காலுக்கும் நடுவே

அரை மில்லிமீட்டர். ஒரு சிப்பின் ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் இடையிலுள்ள தூரம் அது. கோமளா இருபத்தாறு வருடங்கள் அந்த அரை மில்லிமீட்டருக்குள் வேலை பார்த்தார்.

ரெம்பியாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். 1994இல் மலாக்காவின் மின்னணுத் தொழிற்சாலைகள் தோட்டத்து வாசலுக்கே பஸ் அனுப்பிப் பெண்களை ஏற்றிக்கொண்டிருந்தன. இருபத்தொரு வயதில் கோமளாவும் ஏறினார். நீலக் கோட்டு, தலையில் தொப்பி, கண்ணுக்கு மைக்ரோஸ்கோப். இயந்திரம் சரியாக ஒட்டாமல் விட்ட சிப்புகளைக் கையால் திருத்துகிற வரிசையில் உட்கார வைத்தார்கள். அவருடைய எண் 4417. 2020இல் அந்த வரிசையையே மூடிவிட்டார்கள்.

அந்த வரிசைக்கு ஒரு விதி இருந்தது. திருத்தி அனுப்பிய போர்டு பழுதாகித் திரும்பி வந்தால், திருத்தியவரே தன் கையால் சிவப்புச் சீட்டு எழுதி அதில் கட்ட வேண்டும். எண், எந்தக் கால், என்ன காரணம். சீட்டு மலாயில் அச்சிட்டது. காரணம் என்ற இடத்தில் பெண்கள் பெரும்பாலும் எழுதியது இரண்டே சொல்: ‘தாங்கான் செண்டிரி’. சொந்தக் கை. கடைசிப் பன்னிரண்டு வருடங்களில் கோமளா ஒரு சீட்டும் எழுதவில்லை. வேலை போன நாளில், எழுதாத சீட்டுக் கட்டு ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

இப்போது டுரியான் துங்கால் தாமான் குடியிருப்பில் தனியாக இருக்கிறார். வீட்டு ஹாலில் ஒரு மேசை, ஒரு பழைய குண்டு டிவி, ஈயம் உருக்கும் கருவி. தொண்ணூறுகளில் வந்த, டிவியில் மாட்டி விளையாடும் கேம் செட்டுகளை இன்றைக்கும் தேடி வாங்குகிறவர்கள் மலாக்காவில் நிறையப் பேர். அந்தச் செட்டுகள் எல்லாம் முப்பது வயதைத் தொட்டவை. உள்ளே கெப்பாசிட்டர் வீங்கிக் கசிந்து, போர்டை அரித்து வைத்திருக்கும். அரித்த இடத்தைச் சுரண்டி, புது ஈயம் வைத்து உயிர் கொடுப்பது அவர் தொழில். அதுதான் சோறு. செட் பிரியர்களின் வாட்சப் குழுவில் ‘அக்கா கைக்குப் போன செட்டு ரிப்பேருக்குத் திரும்பி வராது’ என்பது பழமொழி மாதிரி ஆகியிருந்தது.

ஜூன் மாதம் அவருடைய வலது கண்ணில் கறுப்பு இழைகள் மிதக்க ஆரம்பித்தன. சர்க்கரை நோய் கண்ணுக்குள் இரத்தக் கசிவை உண்டாக்கியிருப்பதாக டாக்டர் சொன்னார். ஊசி போட வேண்டும், வரிசையில் காத்திருக்க வேண்டும், இடது கண்ணும் தொடங்கிவிட்டது. கோமளா யாரிடமும் சொல்லவில்லை. கண் போன அக்காவிடம் யார் செட் கொடுப்பார்கள்?

ஆகஸ்டில் கணேஸ்வரன் வந்தார். துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிறவர், வயது முப்பத்தெட்டு. பாச்சாங்கில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கிய செட்டைத் துண்டில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார். படம் வரவில்லை, சத்தம் மட்டும் வந்தது. கோமளா ஒன்பது கெப்பாசிட்டர்களை மாற்றினார். படத்தை அனுப்புகிற சிப்பின் கால்கள் பச்சை பூத்திருந்தன. அவற்றைச் சுத்தம் செய்து ஒவ்வொன்றுக்கும் புது ஈயம் வைத்தார். படம் வந்தது. கணேஸ்வரன் செட்டைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு போனார்.

அக்டோபர் நான்காம் தேதி அதே துண்டில் அதே செட் திரும்பி வந்தது. இந்த முறையும் படம் இல்லை. ஆயுத பூஜை முடிந்து மூன்றாம் நாள். மூடியைத் திறந்ததும் கோமளாவுக்கு மஞ்சள் வாடை அடித்தது. காற்றுத் துளையில் காய்ந்த சந்தனம், தகட்டின் மேல் மஞ்சள் தண்ணீர்க் கறை, ஓரத்தில் குங்குமத் தூள்.

வீட்டில் யாராவது இதற்குப் பூசை போட்டார்களா என்று கேட்டார்.

கணேஸ்வரன் சிரித்தார். “என் லோரிக்கு நான் போட்டேன்கா. வீட்டுச் சாமானுக்கெல்லாம் என் பொஞ்சாதிதான். ரைஸ் குக்கருக்கே பொட்டு வச்சவ லா.”

“தண்ணி உள்ள எறங்கிருக்கு தம்பி. சிப்பு போச்சு.”

கணேஸ்வரனின் சிரிப்பு நின்றது. வேறு சிப் கிடைக்கிறதா பார்க்கிறேன், செட் இங்கேயே இருக்கட்டும் என்று கோமளா சொன்னதை அவர் கேட்ட மாதிரி தெரியவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

தொழிற்சாலையில் இப்படி ஒரு போர்டு திரும்பியிருந்தால், முதலில் தான் தொட்ட இடத்தைத்தான் சோதித்திருப்பார். இங்கே சந்தனத்தைப் பார்த்தார், அதோடு தேடுவதை நிறுத்திவிட்டார். பன்னிரண்டு வருடம் சீட்டு எழுதாத கை.

சிப் தேடியே மூன்று வாரம் போனது, கிடைக்கவில்லை. போர்டைக் கைத்தொலைபேசியில் நெருக்கமாகப் படம் பிடித்து, ‘தண்ணீர் இறங்கிய போர்டு, இந்தச் சிப் யாரிடமாவது இருக்கிறதா’ என்று குழுவில் போட்டார். மறுநாள் ஹரிதாஸிடமிருந்து அவருக்கு மட்டும் ஒரு செய்தி வந்தது. ஹரிதாஸ் பாச்சாங்கில் கைத்தொலைபேசி ரிப்பேர் கடை வைத்திருக்கிறவர். கோமளா அனுப்பிய அதே படத்தைப் பெரிதாக்கி, ஓரிடத்தில் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்.

‘அக்கா, குரூப்ல போடல. 14, 15 பாருங்க. நீங்க தண்ணின்னு சொன்னதால யாரும் உத்துப் பாக்கல.’

பதினாலாம் காலுக்கும் பதினைந்தாம் காலுக்கும் நடுவே மயிரிழை மாதிரி ஈயம் நின்றது. ஆகஸ்டில் அவர் வைத்த ஈயம். சூட்டில் விரிந்து சுருங்கி, இரண்டு மாதம் கழித்து இரண்டு கால்களையும் தொட்டுவிட்டது. கோமளா மீட்டரின் இரண்டு முனைகளையும் அங்கே வைத்தார். அது பீப் என்றது. நேரில் பார்த்தால் அவர் கண்ணுக்கு இப்போதும் அங்கே எதுவும் இல்லை.

தொலைபேசிப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இடது கண்ணால், மூன்றாம் முயற்சியில் அந்த இழையை எடுத்தார். செட்டைப் போட்டார். படம் பளிச்சென்று வந்தது. சந்தனமும் மஞ்சளும் அதே இடத்தில்தான் இருந்தன.

கணேஸ்வரனைக் கூப்பிட்டு, தண்ணீரால் கெடவில்லை, என் கைத் தவறு, வீட்டில் சொல்லிவிடுங்கள் என்றார்.

“வீட்ல யாரு இருக்கா? அவ ரெம்பியாவுக்கு, அம்மா வீட்டுக்குப் போயிட்டா. மூணு வாரமாச்சு.”

“ஏன் தம்பி?”

“கை நீட்டிட்டேன். விடுங்கக்கா. செட்டு ஓடுதுல?”

அன்று சாயங்காலமே செட்டை எடுக்க வந்தார். கோமளா அதில் ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டி வைத்திருந்தார். எண் 4417, கால் 14, 15, தாங்கான் செண்டிரி. கணேஸ்வரன் படித்துப் பார்த்தார். நிதானமாக அதை அவிழ்த்து, நாலாகக் கிழித்து மேசை மேல் வைத்தார். இது வெளியே தெரிந்தால் அக்கா பேர்தான் கெடும், நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், அக்காவும் சொல்ல வேண்டாம் என்று மிகவும் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கிழிந்த நாலு துண்டும் இரண்டு நாள் மேசையிலேயே கிடந்தன. மூன்றாம் நாள் கோமளா இன்னொரு சீட்டு எழுதி எடுத்துக்கொண்டு ரெம்பியாவுக்குப் போனார்.

கணேஸ்வரனின் மனைவி பவானேஸ்வரி தன் அம்மா வீட்டு முன்ஹாலில் உட்கார்ந்திருந்தார். இடது கை முழங்கைக்கு மேல் வரை மாவுக்கட்டு. இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. கோமளா தான் யார் என்று சொல்லி, சீட்டை நீட்டி, நடந்ததைச் சொன்னார். கண்ணைப் பற்றியும் சொன்னார். வெளியாள் ஒருவரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பவானேஸ்வரி சீட்டை மடியில் வைத்துக்கொண்டார். “சந்தனத்துக்காக அடிச்சாருன்னா நெனைக்கிறீங்க? போன வருசம் கொழம்புல உப்பு கூடன்னு அடிச்சாரு. உங்க வாயால வந்தது அவருக்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான்.”

கோமளா எழுந்திருக்கப் போனார். பவானேஸ்வரி விடவில்லை.

“உக்காருங்கக்கா. நான் ரிப்போர்ட் குடுத்ததுக்குப் போலீஸ்ல அவரு என்ன சொல்லிருக்காரு தெரியுமா? நான் வேணும்னே தண்ணி ஊத்திச் செட்டக் கெடுத்தேனாம். கேட்டதுக்கு மேல பாஞ்சேனாம், தள்ளி விட்டாராம். தண்ணின்னு கோமளா அக்காவே சொன்னாங்கன்னு உங்க பேரையும் எழுதிக் குடுத்துட்டாரு.”

“நான் இப்ப என்ன செய்யணும்?”

“சீட்டு பத்தாது. நீங்க வந்து சொல்லணும். கண்ணு விசயத்தையும் கேப்பாங்க.”

மறுநாள் கோமளா போலீஸ் நிலையத்தில் மலாயில் வாக்குமூலம் கொடுத்தார். இரண்டு மணி நேரம் ஆனது. கண் சரியில்லாதவர் சொன்ன முதல் பேச்சு பொய் என்றால் இரண்டாவதை எப்படி நம்புவது என்று அதிகாரி கேட்டார். கோமளா ஹரிதாஸ் அனுப்பிய படத்தைக் காட்டினார். அதிகாரி அதைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும், ரெம்பியாவுக்குப் போகும் முன் எடுத்து வைத்திருந்த இரண்டாவது சீட்டின் படத்தைக் குழுவில் போட்டு, தன் கண்ணைப் பற்றியும் ஒரு வரி எழுதினார். மேசையில் ஏழு செட்டுகள் இருந்தன. வார முடிவுக்குள் நாலு பேர் வந்து தங்கள் செட்டை வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் மன்னிப்புக் கேட்டார், மற்றவர்கள் அவசரம் என்றார்கள். மிச்ச மூன்றையும் ஹரிதாஸ் எடுத்துப் போனார். நவம்பரிலிருந்து கோமளா பக்கத்துப் பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் பாத்திரம் கழுவுகிறார். ஈயக் கருவி இன்னும் மேசையில்தான் இருக்கிறது, பிளக் பிடுங்கியபடி.

மனைவியைக் காயப்படுத்தியதாகக் கணேஸ்வரன் மேல் குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது. அவர் மறுத்திருக்கிறார். ஜாமீனில் வெளியே இருக்கிறார், லோரி ஓட்டுகிறார்.

பிப்ரவரி 24ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு அலோர் காஜா மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் கோமளா சாட்சி சொல்ல வேண்டும். இடது கண்ணுக்கு முதல் ஊசியும் அதே நாள், அதே நேரம். அதை அவர் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டார். அடுத்துக் கிடைத்த நாள் மே 12.