எச்-ஃபோர்

சான் ஹோசேயில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மெண்டில் பால்கனியில் துணி உலர்த்தக் கூடாது. வந்த ஐந்து வருஷத்தில் நான் அந்தச் சட்டத்தை மீறியது ஒரே ஒரு தடவைதான், 2001ஆம் வருஷக் கோடையில். கஞ்சி போட்ட காட்டன் சேலையை டிரையரில் திணிக்க எனக்கு மனசு வரவில்லை.

அது என் காலேஜ் சேலை. கோயமுத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் பிசிக்ஸ் லெக்சரராக இருந்தபோது கட்டியது. சாம்பல் நீலம், அரக்கு பார்டர். கல்யாணமாகி இவரோடு அமெரிக்கா வந்தபோது, என்றைக்காவது தேவைப்படும் என்று பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வந்து இறங்கிய பிறகுதான் இங்கே எனக்குப் பேர் எச்-ஃபோர் என்று உறைத்தது. எச்-ஒன் விசாவில் வேலை பார்க்கிறவரின் பெண்டாட்டிக்குக் கொடுக்கிற விசா அது. சமைக்கலாம், கார் ஓட்டலாம், பிள்ளை பெற்றுக்கொள்ளலாம். சம்பளத்துக்கு வேலை மட்டும் பார்க்கக் கூடாது. கிரீன் கார்டு வந்தால் பார்க்கலாம். கிரீன் கார்டு எப்போது வரும் என்று கேட்டால் இவர் ஆகாசத்தைப் பார்ப்பார்.

எனக்கு ஊர் ஞாபகம் அவ்வளவாக வராது. வகுப்பு ஞாபகம்தான் வரும். ஃபர்ஸ்ட் இயர் பெண்கள் சலசலவென்று பேசிக்கொண்டிருக்க, நான் உள்ளே நுழைந்ததும் பெஞ்சுகள் நகர்கிற சத்தம். கையெல்லாம் சாக்பீஸ் பொடி. கடைசி வரிசையில் தூங்கிவழிந்துகொண்டிருக்கும் ஒருத்திக்குத் திடீரென்று விஷயம் பிடிபட்டு முகம் மாறும் பாருங்கள், அதற்காக ஏங்கிச் செத்தேன் என்றே சொல்வேன். கேட்க ஆளில்லாமல், குக்கர் விசிலுக்குக் காத்திருந்த நேரங்களில் அந்தக் குக்கருக்கே ஆவியழுத்தம் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன். அதுவும் கடைசியில் உஸ்ஸென்று என்னை அடக்கிவிடும்.

ஆளுக்கொரு பதார்த்தம் செய்து எடுத்துப்போகிற பாட்லக் விருந்துக்குப் போனால் எச்-ஃபோர் பெண்கள் நாங்களெல்லாம் ஒரு மூலையில் சேர்ந்துகொள்வோம். அந்த மூலையில் டாக்டர் உண்டு, ஆடிட்டர் உண்டு, வக்கீல் உண்டு. யாராவது ஒருத்தி குரலைத் தாழ்த்தி, "எச்-ஃபோருக்கு வேலை பெர்மிட் ஓப்பன் பண்ணப் போறாங்களாம்ப்பா" என்பாள். எல்லோரும் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்போம். அடுத்த பாட்லக்கில் அந்தப் பேச்சே இருக்காது.

இவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தங்கமான மனிதர், ஆனால் விமானப் பைத்தியம். சாஃப்ட்வேரில் குப்பை கொட்டினாலும் மனசெல்லாம் வானத்தில்தான். ரன்வே பக்கம் போகிற ரோட்டில் போனால் வண்டியை ஓரங்கட்டி, வாயைப் பிளந்துகொண்டு நிற்பார். சோபாவுக்குக் கீழே, கட்டிலுக்குக் கீழே எங்கே கை விட்டாலும் விமானப் புத்தகம். எனக்கு அதெல்லாம் ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விடும்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் இவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில், எங்களுக்கு வடக்கே ஓரிகன் மாநிலத்தில் இருக்கிற இவருடைய காலேஜ் நண்பர். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். குழாயை மூடியபோது இவர் சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது.

"நிஜமாவா? எச்-ஃபோர் ஓப்பன் பண்ணிட்டாங்களா? அடேங்கப்பா! பாவம்டா, இத்தன வருஷமா சும்மா அடச்சு வெச்சிருந்தாங்க... இல்ல இல்ல, இவகிட்ட இன்னும் சொல்லல. நேர்ல கூட்டிட்டு வந்தர்றேன். சர்ப்ரைஸா இருக்கட்டும்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓப்பன் பண்ணிவிட்டார்கள்! பாவம், இத்தனை வருஷம் அடைத்து வைத்திருந்தார்கள் என்று என் புருஷன் என்னை நினைத்து வருத்தப்படுகிறார்! அந்த நண்பரின் மனைவி அங்கே ஒரு கம்யூனிட்டி காலேஜில் கணக்கு சொல்லிக்கொடுப்பது எனக்குத் தெரியும். மிச்சத்தை நானே கட்டிக்கொண்டேன். அந்தக் காலேஜில் பிசிக்ஸுக்கு ஆள் வேண்டும். அவள் என் பேரைச் சொல்லியிருக்கிறாள். நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். இவர் அதை மூடி மறைத்துக் கூட்டிப் போகப்போகிறார். மூச்சு விடவில்லை நான். கேட்டால் கண் பட்டுவிடுமோ என்று பயம்.

"இந்த வீக்கெண்ட் ஓரிகன் போலாமா? சும்மா ஒரு டிரைவ்" என்றார் இவர், வாயெல்லாம் பல்லாக.

"போலாமுங்க" என்றேன், ஒன்றும் தெரியாதவளைப் போல.

குக்கர் சாதத்தில் கஞ்சி ஏது? தனியாக ஒரு பானையில் அரிசி போட்டு வடித்தேன். இவர், "என்ன, வடிச்ச சோறு?" என்று கேட்டதற்கு, "நாக்குக்கு வேணும்போல இருந்துச்சு" என்று சமாளித்தேன். சேலையைக் கஞ்சியில் முக்கிப் பால்கனிக் கம்பியில் விரித்தபோது பக்கத்து வீட்டு வெள்ளைக்காரம்மா எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும். அயர்ன் பண்ணி மடித்தபோது அது பழையபடி அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சர்டிஃபிகேட்டுகளையும் எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஃப்ரீவே நெடுகப் புளியோதரையும் உருளைக்கிழங்கு சிப்ஸும் சாப்பிட்டுக்கொண்டு போனோம். பின்சீட்டில் எங்கள் நாலு வயசு மகள் பாடிக்கொண்டு வந்தாள். நான் மனசுக்குள் முதல் வகுப்பை நடத்திக்கொண்டு வந்தேன். அமெரிக்கப் பிள்ளைகள் எழுந்து நிற்க மாட்டார்களாமே, பரவாயில்லை. என் இங்கிலீஷ் புரியுமா? மெதுவாகப் பேசுவோம். இவர் நடுநடுவே என்னைப் பார்த்துத் தானாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த அளவுக்கு நாங்கள் சந்தோஷமாக இருந்த பிரயாணம் அதற்கு முன்னால் கிடையாது.

இரவு ஒரு மோட்டலில் தங்கிவிட்டு, காலையில் சேலையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். இவர் திகைத்துப்போனார்.

"என்ன இது, சேலையெல்லாம்?"

"ஏன், கட்டக் கூடாதா?"

"சேச்சே, நல்லாத்தான் இருக்குது. ஆனா இன்னைக்கு எதுக்கு?"

"தோணுச்சு, கட்டினேன்" என்று சொல்லிவிட்டுக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டேன். எவ்வளவு அழகாக நடிக்கிறார் மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். வயல்வெளியில் தனியாக ஒரு பிரம்மாண்டமான கண்ணாடிக் கட்டடம். சயின்ஸ் பிளாக்காக இருக்கும் என்று நினைத்தேன். பார்க்கிங்கில் இறங்கியபோதுதான் கண்ணாடிக்கு உள்ளே ஒரு விமானத்தின் மூக்கு தெரிந்தது. மியூசியம்! அப்போதும் என் ஆசை விடவில்லை. மியூசியத்திலும் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல பிசிக்ஸ் தெரிந்த ஆள் வேண்டுமே. இது இன்னும் நல்லதாயிற்றே.

இவர் கவுண்டரில் போய் டிக்கெட் வாங்கினார். எனக்கும் சேர்த்து. அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. வேலை கேட்டு வந்தவளுக்கு யாராவது டிக்கெட் வாங்குவார்களா?

உள்ளே போனால், தலைக்கு மேலே அந்த விமானம். பார்வைக்கு அடங்கவில்லை. ஒரு பக்க றெக்கையில் மட்டும் நாலு எஞ்சின். அந்த றெக்கையின் நிழலில் மற்ற விமானங்கள் பொம்மைகளைப் போல் நின்றன. இவர் என் கையைப் பிடித்து ஒரு பலகை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"படி. என்ன எழுதியிருக்குது, படி."

எச், ஒரு கோடு, நாலு.

"உன் பேரு!" என்று கைகொட்டிச் சிரித்தார். "உன் பேர்ல ஒரு பிளேன்! முழுக்க மரம், தெரியுமா? எத்தன வருஷமா பாக்கணும்னு இருந்தேன். இப்பத்தான் மியூசியம் ஓப்பன் பண்ணியிருக்காங்க. எப்படி என் சர்ப்ரைஸ்?"

"எச்-ஃபோர் ஓப்பன் பண்ணிட்டாங்கன்னு போன்ல சொன்னீங்களே..."

"ஆமா, இதத்தான். நீ கேட்டுட்டியா?"

"அடச்சு வெச்சிருந்தாங்க, பாவம்னு சொன்னீங்களே!"

"ஆமா கண்ணு. ஒரே ஒரு தடவதான் பறந்துச்சு. தண்ணிக்கு மேல, ஒரு நிமிஷம் இருக்கும். யுத்தத்துக்குன்னு செய்ய ஆரம்பிச்சு, முடிக்கறதுக்குள்ள யுத்தமே முடிஞ்சுபோச்சு. அப்பறம் வருஷக்கணக்கா ஒரு ஷெட்டுக்குள்ள பூட்டி வெச்சு, துடச்சு, எண்ணெய் போட்டு, எப்ப வேணா பறக்கறாப்பல ரெடியா..."

"போதும், நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன். அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். "மரமாவது மண்ணாங்கட்டியாவது! எனக்கு வேலை கெடச்சிருச்சுன்னு நெனச்சு வந்தேன். கஞ்சி போட்டு, அயர்ன் பண்ணி, சர்டிஃபிகேட்டெல்லாம் எடுத்துட்டு, கூறு கெட்டவளாட்டம் வந்து நிக்கறேன் பாருங்க!"

இவர் முகத்திலிருந்த சிரிப்பு இறங்கியது. என் சேலையை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார். காலையில் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் அவருக்கு விடை கிடைத்திருக்க வேண்டும். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். கஞ்சித் துணி கண்ணைக் குத்தியது. அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழ வேண்டும்போல் இருந்தது.

மகள் என் கொசுவத்தைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, இட்ஸ் ஸோ ஃபேட். ஹவ் கேன் இட் ஃப்ளை?"

இவ்வளவு குண்டாக இருப்பது எப்படிப் பறக்கும் என்று கேட்கிறாள். பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் என் வாய் சும்மா இருக்காது. டிக்கெட்டோடு கொடுத்த வரைபடத்தை நீளமாக ஒரு துண்டு கிழித்தேன்.

"இத உதட்டுக்குக் கீழ வெச்சுக்கோ. தொங்குதா? இப்ப மேலாப்பல ஊது. பேப்பருக்குக் கீழ இல்ல சாமி, மேல."

ஊதினாள். தொங்கிக்கொண்டிருந்த காகிதம் எழும்பி நேராக நின்றது. "அம்மா!" என்று அலறினாள். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பையன் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தேன். அவன் தங்கைக்கு ஒன்று. பிறகு எங்கிருந்தோ இன்னும் மூன்று பேர். என் வரைபடம் தீர்ந்ததும் இவர் தன்னுடையதை நீட்டினார். எப்போது இங்கிலீஷுக்கு மாறினேன் என்று எனக்கே தெரியவில்லை. மேலே காற்று வேகமாக ஓடினால் அங்கே அழுத்தம் குறையும், கீழே இருக்கிற காற்று தாங்கித் தூக்கும், காகிதமானாலும் சரி மரமானாலும் சரி என்றேன். அந்த மாபெரும் றெக்கையைக் கையால் காட்டினேன். பிள்ளைகளோடு பெரியவர்களும் அண்ணாந்து பார்த்தார்கள். ஓரமாக முறைத்துக்கொண்டு நின்ற ஒரு சிறுமிக்கு மட்டும் காகிதம் எழும்பவே இல்லை. பக்கத்தில் போய் முகவாயைக் கொஞ்சம் தூக்கிவிட்டேன். ஊதினாள். எழும்பியது. அவள் முகம் மாறியது.

அந்த முகத்தைத்தான் ஐந்து வருஷமாகக் காணாமல் இருந்தேன்.

பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அந்தச் சிறுமியின் அம்மா என்னிடம் வந்தாள். என் சேலையைப் பார்த்து, ரொம்ப அழகு என்றாள். இத்தனை தெளிவாக யாரும் தனக்குச் சொன்னதில்லை என்றாள். பிறகு கேட்டாள்: "டூ யூ வர்க் ஹியர்?"

"நோ" என்றேன். "ஐ ஆம் எச்-ஃபோர்."

அவள் அந்தப் பலகையைப் பார்த்தாள். தலைக்கு மேலே இருந்த விமானத்தைப் பார்த்தாள். சட்டென்று வாய்விட்டுச் சிரித்தாள். நல்ல ஜோக் என்று நினைத்துவிட்டாள். என் தோளில் தட்டிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் சிரித்ததில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இவர் சிரிக்கவில்லை. குனிந்து, தரையெல்லாம் சிதறிக் கிடந்த காகிதத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.