பெயர் சொல்லிக் கூப்பிட்ட பின்னேரம்

எங்கள் கேம்பர் வானை எனக்கு முதலில் பிடிக்கவேயில்லை. பின்னால் ஒரு கட்டில், பக்கத்தில் சமைக்கக் கைக்குட்டை அளவில் ஒரு குசினி, மடித்து வைக்கிற இரண்டு கதிரைகள். என் கணவர் அதை வாங்கி மெல்பனில் எங்கள் கிளென் வேவர்லி வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது, "இதுக்குள்ள ஒராள் திரும்பிப் படுக்கிறதெண்டால் மற்றாள் இறங்கி நிக்கவேணும்" என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார். டண்டினொங்கில் ஒரு பொருட்கிடங்கில் காலம் முழுக்க நின்றபடியே வேலை செய்த மனிதர். ஓய்வு பெற்றதும் எங்கள் ஆட்கள் கோயில் பார்க்க இந்தியாவுக்குப் போவார்கள். இவருக்கு ஆஸ்திரேலியாவின் வடக்கு மூலைக்குப் போய்ப் புற்றுப் பார்க்கவேண்டும். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிற கறையான் புற்றுகள். கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில் அவர் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

வான் வந்த கையோடு மறதியும் வந்தது. சாவியை எங்கே வைத்தேன் என்று தேடுகிற மறதி என்றால் பரவாயில்லை, அது எனக்கும் உண்டு. இவருக்குப் பேரப்பிள்ளையின் பெயர் போனது. பிறகு ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வரும் பாதை போனது. கிளென் வேவர்லியோடு ரயில் முடிந்துவிடும், உறங்கிப்போனாலும் அங்கேதான் இறங்கவேண்டும். இறங்கியும் வீடு வந்து சேரவில்லை. கிட்டடியில் நடந்தவைதான் முதலில் போகும், பழையவை கடைசியில்தான் போகும் என்று டொக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி வைத்துக்கொண்டு அதையே யோசித்தேன். நான் அவருக்குப் பழைய ஆள். ஊரில் கட்டிய மனுசி. ஆகவே என்னுடைய முறை வர இன்னும் காலம் கிடக்கிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஆனால் போவதென்றால், பக்கத்தில் இருப்பது யாரென்று அவருக்குத் தெரிகிற காலத்திலேயே போகவேண்டும். அந்தப் புற்றுகளை அவர் என்னோடு பார்க்கவேண்டும். யாரோ ஒரு பெண்ணோடு பார்த்து என்ன பயன்? எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

மகள் சிட்னியில் இருக்கிறாள், பரமட்டாவில் வேலை. விசயத்தைச் சொன்னதும் போனில், "அம்மா, ஆர் யூ சீரியஸ்? அங்க ஒரு ஹொஸ்பிட்டல் கூடக் கிட்ட இல்லை" என்றாள்.

"இஞ்ச கிட்டத்தான் இருக்கு. இருந்து என்ன செய்தது?" என்று கேட்டேன்.

அவள் அழுதுவிட்டாள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்காகப் பயணத்தை நிறுத்த முடியாது.

காய்கறிக் கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் கார் ஓடித் திரிந்த நான் அந்த வானை வடக்கே ஓட்டினேன். எதிரே பெட்டி பெட்டியாகப் பூட்டிய லொறி வந்தால் ஓரத்தில் நிறுத்திவிட்டு, அது போய்ப் புழுதி அடங்கிய பிறகுதான் எடுப்பேன். அவர் மடியில் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். அது தலைகீழாக இருந்தது. கேத்தரின் என்ற ஊரைத் தாண்டியதும் புற்றுகள் வந்தன, சிவப்பாக, பாதையின் இரண்டு பக்கமும்.

"அங்க பாரும்" என்றார்.

"பாத்திட்டனப்பா."

கொஞ்சத் தூரம் போனதும் மறுபடி, "அங்க பாரும்." ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது முதல் புற்று. நாள் முழுக்க அப்படியே போனது. எரிச்சல் வந்ததா என்று கேட்டால், வந்தது. ஆனாலும் பார்க்கச் சொன்னது என்னைத்தான். அதை நினைத்து ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தேன்.

ஆற்றுக்குக் கிட்ட, சில வான்கள் நிற்கக்கூடிய ஒரு வெளியில் தங்கினோம். முதலை இருக்கும் என்று பலகை போட்டிருந்தார்கள். பின்னேரம் புட்டு அவித்து, சொதி வைத்தேன். அடுத்த வானில் இருந்த வெள்ளைக்காரக் கிழவரும் மனைவியும் மணத்துக்கே எட்டிப் பார்த்தார்கள், அவர்களுக்கும் ஒரு கோப்பையில் கொடுத்தேன். இவர் கதிரையில் இருந்து கறுப்புக் கிளிகள் பறப்பதைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீர் வந்தது நல்லதாப் போச்சு" என்றார். எங்கள் ஆண்கள் இப்படியெல்லாம் சொல்வதில்லை. நான் அவருக்கு இன்னும் கொஞ்சம் புட்டுப் போட்டேன்.

அடுத்த நாள் மதியம் சாப்பிட்ட கோப்பைகளைக் குழாயடியில் கழுவிக்கொண்டு வந்து பார்த்தால் கதிரை வெறுமையாக இருந்தது.

வானுக்குள் இல்லை. கழிவறையில் இல்லை. எனக்கு அந்த முதலைப் பலகைதான் ஞாபகம் வந்தது. ஆற்றுப் பக்கம் ஓடினேன். "இஞ்சாருங்கோ, இஞ்சாருங்கோ" என்று கரை நீளத்துக்குக் கூப்பிட்டேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. திரும்பி வந்து வான் வாசலில் நிலத்தில் இருந்துவிட்டேன். கிழவர் ஓடி வந்து என்னைத் தூக்கி நிறுத்தி, உன் கணவருக்கு என்ன பெயர் என்று கேட்டார்.

அவர் பெயரை நான் எழுதியிருக்கிறேன், டொக்டரிடமும் பாங்கிலும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவரை அந்தப் பெயரால் நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எங்களில் மனுசியின் வாயில் புருசனின் பெயர் வராது, "இஞ்சாருங்கோ"தான் வரும். இளம் பிள்ளைகள் இப்போது கூப்பிடுகிறார்கள், நான் அதைக் கேட்டு முகத்தைச் சுளித்திருக்கிறேன். கிழவருக்குப் பெயரைச் சொன்னேன். அவர் தன் சாட்டிலைட் போனில் உதவி கேட்டார். பிறகு அங்கே நின்றவர்கள் எல்லோரும் அந்தப் பெயரை இரண்டாக உடைத்து, தங்கள் நாக்குக்கு ஏற்றபடி கத்திக்கொண்டு நாலு பக்கமும் போனார்கள். ஆள் திரும்பி வந்தால் வானில் யாராவது இருக்கவேண்டும், நீ இங்கேயே நில் என்று என்னிடம் சொன்னார்கள். அது சரியாகத்தான் பட்டது. நின்றேன்.

பிறகு காக்கி உடுப்புப் போட்ட ரேஞ்சர் பெண் ஒருத்தி ஜீப்பில் வந்தாள். ஜீப்பின் மேலே ஒலிபெருக்கி இருந்தது. பாதையில் மெதுவாக ஓட்டிக்கொண்டு அதிலே அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

ஒலிபெருக்கியில் அந்தப் பெயரைக் கேட்டதும் நான் வானை விட்டுப் பாதைக்கு ஓடினேன்.

ஊரில் சண்டை நடந்தபோது, மகள் வயிற்றில் இருந்த காலத்தில், விடியப்புறம் ஆமி வந்து சுற்றி வளைப்பான். ஜீப்பில் இருந்து ஒலிபெருக்கியில் பெயர்களை வாசிப்பான். பெயர் வந்தவர்கள் வெளியே போகவேண்டும், போனவர்களில் எல்லோரும் திரும்பி வரவில்லை. இவருடைய பெயரும் ஒருநாள் வந்தது. இவர் பின்வளவில் நெருங்கி நின்ற இளம் பனை வடலிக்குள் மூச்சுவிடாமல் கிடந்தார். கொழும்புக்குப் போய்விட்டார் என்று நான் பொய் சொன்னேன். அவர்கள் போன பிறகு வடலி ஓரத்தில் நின்று "இஞ்சாருங்கோ" என்று மெல்லக் கூப்பிட்டேன். அதற்குத்தான் வெளியே வந்தார். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது நான் இல்லை என்று அவருக்குத் தெரியும். இந்த மனிதருக்கு மெல்பன் மறந்து போயிற்று, பேரப்பிள்ளை மறந்து போயிற்று. மிச்சம் இருந்தது அந்தக் காலம்தான். அதற்குள், பெயர் சொல்லிக் கத்துகிற இவர்களையெல்லாம் கூட்டிவந்து விட்டது நான்.

ஜீப்பின் முன்னால் போய் நின்று இரண்டு கையையும் தூக்கினேன். அவர் தொலைந்து போகவில்லை, உங்களுக்குப் பயந்து ஒளிந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. ஒலிபெருக்கியை நிறுத்தினாள், எஞ்சினையும் நிறுத்தினாள். மற்றவர்களையும் கூப்பிட்டு நிறுத்தச் சொன்னாள். எல்லோரும் அப்படியே நின்றார்கள்.

ஒளிப்பதற்கு வடலி மாதிரி இங்கே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஆற்றுக்கு எதிர்த்திசையில், வான்களுக்குப் பின்னால், காய்ந்துபோன ஓடை ஒன்றில் தாழைகள் நெருக்கமாக நின்றன. அதன் ஓரத்துக்குப் போய் மெல்லக் கூப்பிட்டேன். "இஞ்சாருங்கோ."

சருகு அசைந்தது. வெளியே வரவில்லை, ஆனால் "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் கேட்டது. நான் குனிந்து உள்ளே போனேன். தாழையின் முள் சேலையைக் கிழித்தது. அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு மண்ணில் இருந்தார். கையெல்லாம் கீறல். ஆனால் உயிரோடு, முழுசாக இருந்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பக்கத்தில் இருந்து அவருடைய தோளில் கையை வைத்தேன்.

அவர் மரியாதையாக என் கையை எடுத்துக் கீழே விட்டார்.

"ஆச்சி, சத்தம் போடாதேங்கோ" என்றார். "அவங்கள் வெளியில நிக்கிறாங்கள்."

என் நரைத்த தலையைப் பார்த்துத்தான் சொன்னார். முகத்தில் வஞ்சகமில்லை, விளையாட்டில்லை. ஊரில் முன்பின் தெரியாத வயதான பெண்ணை ஒரு நல்ல பிள்ளை எப்படிக் கூப்பிடுமோ அப்படிக் கூப்பிட்டார்.

"இப்ப கூப்பிட்டது என்ர மனுசி" என்றார். "அவவின்ர குரல் எனக்குத் தெரியும். இந்தப் பக்கம் வந்தால் அவவையும் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள். வயித்தில பிள்ளை ஆச்சி. ஒருக்காப் போய் அவவிட்ட, வரவேண்டாமெண்டு சொல்லிவிடுவீங்களோ?"

நான்தானப்பா என்று சொல்ல வாய் திறந்தேன். அவர் கண்களில் அவ்வளவு பயம். எல்லாம் எனக்காக.

"ஓம் தம்பி" என்றேன். "சொல்லிவிடுறன்."