காமன் கரண்ட்

பாதாளச் சாக்கடை இணைப்புக்காக வீடு வீடாகக் கணக்கெடுக்கிறேன். கான்டிராக்டர் கொடுத்த டேப்லெட்டில் மதியம் வரைகூட சார்ஜ் நிற்காது.

இன்று சிட்லபாக்கத்தில் ஓர் அப்பார்ட்மெண்டில் பாதி படிவம் நிரப்பும்போதே ஐந்து சதவீதம். பார்க்கிங்கில் இருந்த ஒரே பிளக்கில் சொருகினேன்.

அசோசியேஷன் செயலாளர் ஓடி வந்து பிடுங்கினார். “அது காமன் கரண்ட்ப்பா. ரெசிடென்ட்ஸுக்கு மட்டும்தான்.”

கேட்டில் காவல் இருக்கும் அக்கா முணுமுணுத்தார். “எனக்கே வுடமாட்டாரு தம்பி. வூட்ல புள்ளைக்கு ஜுரம். போன் செத்துப்போய்க் கீது.”

எனக்குக் கொதித்தது.

“சார், டேப் ஆஃப் ஆனா உங்க ஃபார்ம் அழிஞ்சிடும். உங்க பில்டிங் லிஸ்ட்ல கடைசிக்குப் போயிடும்.”

“ஐயோ, சரி சரி, போட்டுக்கோப்பா!”

“முதல்ல அக்கா போன் ஏறட்டும் சார். அவங்க வீட்டுக்குப் பேசட்டும்.”

அக்காவின் போனைச் சொருகினேன். டேப்லெட் நான்குக்கு வந்தது, மூன்றுக்கு வந்தது. நான் அசையவில்லை.

செயலாளர் தன் வீட்டுக்குள் ஓடி எக்ஸ்டென்ஷன் பாக்ஸோடு வந்தார்.

உங்கள் அப்பார்ட்மெண்டில் வாட்ச்மேன் போனுக்கு எந்த பிளக்? கீழே இறங்கிப் பார்த்துவிட்டு கமெண்ட்டில் சொல்லுங்கள்.