அரிசி மணல்

இன்று விடியற்காலையில் என் மகள் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளோடு கன்னியாகுமரிக்குப் புறப்பட்டுப் போனாள். ரிப்பன் தேடுகிறேன் என்று என் அலமாரியைக் குடைந்தவள், அடித்தட்டிலிருந்து கைக்குள் அடங்குகிற ஒரு பனையோலைப் பெட்டியை எடுத்து மூடியைத் திறந்து பார்த்தாள். உள்ளே மணல். குறுணை அரிசி என்று சொல்லி உலையில் போட்டுவிடலாம், அப்படி வெளுத்த மணல். "யாருக்கும்மா வாங்கின?" என்று கேட்டாள். "பஸ் போயிரும், ஓடு" என்று விரட்டிவிட்டேன். எனக்கு வாய் நீளம் என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அந்த வாய் திறப்பதில்லை.

அந்தப் பெட்டியை நினைத்தால் சித்தியை நினைக்காமல் இருக்க முடியாது. சித்தி என் அம்மாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டிலேயே இருந்து, மிஷனுக்கு ரேந்தை, அதாவது லேஸ், பின்னிக் கொடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினாள். பொய் சொன்னால் அவளுக்கு ஆகாது. சீனி டப்பாவில் யார் கை வைத்தது என்று அவள் கேட்டால், வைக்காதவர்கூட நான்தான் என்று ஒத்துக்கொள்ளத் தோன்றும், அப்படிப் பார்ப்பாள். ஆனால் சிரிப்புக்காரி. நான் அவளுக்குச் செல்லம். அது ஊருக்கே தெரியும், எனக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கம் அது. எனக்கு ஒன்பது வயது. வருஷத்துக்கு ஒரு முறை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை மூன்று மாட்டுவண்டிகளில் ஏற்றிக் குமரிக்குக் கூட்டிப் போவார்கள். பிள்ளைகளுக்கு அதுதான் வருஷத்தின் பெரிய நாள். கடலில் குளிக்கலாம், சிப்பி பொறுக்கலாம், பல நிறத்து மணலை ஓலைப்பெட்டியில் போட்டு விற்பார்கள், வாங்கலாம். அந்த வருஷம் என் உயிர்ச் சிநேகிதி, என் கூட்டுக்காரியும் வரவேண்டும் என்று நான் சித்தியைப் பிடித்துக்கொண்டேன். கூட்டுக்காரி வீடு எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. ஒரே சாதி, ஒரே சனம். எங்கள் தாத்தா ஞானஸ்நானம் எடுத்தார், அவளுடைய தாத்தா எடுக்கவில்லை, அவ்வளவுதான். அவர்கள் வைகுண்ட சாமியைக் கும்பிடுகிற அய்யாவழிக்காரர்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் நானும் அவளும் ஒரே பெஞ்சு. குமரியம்மனுக்கு நடக்காமல் போன கல்யாணத்துக்கு வைத்திருந்த அரிசியெல்லாம் மணலாகிக் கிடக்கிறது என்று அவள் அம்மா கதை சொல்லியிருந்தாள். "ஏட்டி, அது நெசமாவே அரிசி மாதிரிதான் இருக்குமா? நான் ஒருவாட்டி பாக்கணும்" என்று என் காதைத் தின்றுகொண்டே இருந்தாள்.

சித்தி தயங்கினாள். காரணம் இருந்தது. போகிற வழியில் ஒரு கோயிலூர். கோயிலைச் சுற்றிய தெருக்களில் எங்கள் சாதிக்காரர்கள் நடக்கக்கூடாது என்பது அன்றைய விதி. வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவராகிவிட்டால் நடக்கலாம். நேற்றுவரை தீட்டாக இருந்த கால் இன்றைக்குத் தீட்டில்லாமல் போவது எப்படி என்று கேட்காதீர்கள், எனக்கும் விளங்கியதில்லை. நான் அழுது, சாப்பிடாமல் அடம்பிடித்து, கடைசியில் சித்தியைக் கூட்டுக்காரியின் அப்பாவிடம் அனுப்பினேன். "அந்தத் தெரு இருக்கே, டீச்சர்" என்றார் அவர். "எம்பிள்ளையாக் கொண்டு போறேன், எம்பிள்ளையாத் திருப்பித் தாறேன்" என்றாள் சித்தி. அந்த வாக்கை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

புறப்பட்ட அன்று கூட்டுக்காரி பச்சைப் பாவாடை உடுத்தி, நெற்றியில் வெள்ளை நாமத்தோடு வந்தாள். அவள் அப்பா இட்டு அனுப்பிய நாமம். கோயிலூருக்கு முன்னால் ஒரு வாய்க்காலில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட வண்டிகள் நின்றன. சித்தி முந்தானை நுனியை நனைத்து வந்து அந்த நாமத்தைத் துடைத்தாள். கூட்டுக்காரி கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். பிறகு சித்தி என்னை வண்டியின் உள்ளே போகச் சொன்னாள். வண்டிக்காரருக்குப் பின்னால், சித்தியை ஒட்டி, காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருகிற இடம் என் இடம். அங்கே அவளைத் தன் மடியோடு அணைத்து உட்காரவைத்துக்கொண்டாள். நான் உள்ளே வைக்கோலில், வாந்தி எடுத்த ஒரு பொடிப்பயலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு நெஞ்சு கொதித்தது. அவளுக்காக மூன்று வாரம் அழுத நான், மூன்று மைல் தூரத்துக்கு இடம் விட்டுக்கொடுக்க முடியாமல் கொதித்தேன்.

தெருமுனையில் ஒரு ஆள் நின்றார். கத்தவில்லை, அதட்டவில்லை. வண்டிக்குள் எட்டிப் பார்த்து, "எல்லாம் வேதக்காரப் பிள்ளைகதானா?" என்று கேட்டார்.

"ஆமா, எல்லாம் எங்க பிள்ளைகதான்" என்றாள் சித்தி.

"சித்தி, இவ வேதக்காரி இல்லியே" என்றேன் நான்.

அந்த ஆள் கூட்டுக்காரியைப் பார்த்தார். நெற்றியில் நாமம் துடைத்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. "அந்தப் பிள்ளைய எறக்கி விடுங்க. வரப்பு வழியா சுத்திப் போவட்டும்" என்றார். சித்தி தானும் இறங்கினாள். என் பக்கம் திரும்பவே இல்லை. கூட்டுக்காரிதான் திரும்பிப் பார்த்தாள். நான் வைக்கோலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு வயலுக்குள் இறங்கி நடந்தார்கள். ஊருக்கு அந்தப் பக்கம் காத்திருப்பதாக, எங்களை நடத்திக் கூட்டி வந்த சபை உபதேசியார் சத்தம் போட்டுச் சொன்னார். வண்டிகள் அந்தத் தெருவைக் கடக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றோம். வரப்பு வழி குளத்தைச் சுற்றி வருகிற வழி, சீக்கிரம் வருகிற வழியல்ல. பிள்ளைகள் வெயிலில் சிணுங்கின. இருபது பிள்ளைகளின் நாளைக் கெடுக்க முடியாது என்று சொல்லி உபதேசியார் வண்டிகளை விடச் சொன்னார்.

அன்று குமரியில் நான் குளித்தேன், சிரித்தேன், அலை வந்தபோது மற்றப் பிள்ளைகளோடு கத்தினேன். இல்லை என்று சொன்னால் அது பொய். மத்தியானம் சாப்பாடு வைத்திருந்த ஓலைக் கடவத்தைத் திறந்து கட்டுச்சோற்றைப் பிரித்தபோதுதான் எனக்கு உறைத்தது. சித்தியுடைய பொதியும் கூட்டுக்காரியுடைய பொதியும் அதற்குள்ளேயே இருந்தன. அவள் அம்மா முந்திரிக்கொத்து வைத்து அனுப்பியிருந்தாள். உபதேசியார் அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கிட்டுக் கொடுத்தார். என் பங்கை மணலில் புதைத்தேன். பிறகு சித்தி எனக்குத் தந்திருந்த சக்கரக் காசுக்கு இந்த அரிசி மணல் பெட்டியை வாங்கினேன்.

சாயங்காலம் திரும்பி வரும்போது, கோயிலூருக்குக் குமரிப் பக்கத்தில் ஒரு பூவரச மரத்தடியில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ இளநீர் வெட்டிக் கொடுத்திருந்தார்கள், கூடுகள் பக்கத்தில் கிடந்தன. நான் ஓடிப்போய்ப் பெட்டியை நீட்டினேன். கூட்டுக்காரி மூடியைத் திறந்தாள். ஒரு மணியை எடுத்துப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்துப் பார்த்தாள்.

"மணலுதான்" என்று சொல்லி, மூடி, என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள். பிறகு சித்தியும் அவளும் மறுபடி அதே வரப்பில் இறங்கினார்கள். வீட்டுக்குப் போகவும் அந்தத் தெரு குறுக்கே இருந்ததே.

அன்று படுக்கையில் நான் விம்மியபோது சித்தி என் தலையைத் தடவிக் கொடுத்தாள். "நீ உள்ளதத்தான சொன்ன, மக்கா" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் பெரிய கூத்து. போதகர் ஐயா என்னை முன்னால் கூப்பிட்டு, எந்த இடத்திலும் உண்மை பேசிய பிள்ளை என்று சொல்லி, வெளிநாட்டுப் படக்கார்டு ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். ஆராதனை முடிந்து சபை மூப்பர்கள் சித்தியை நிறுத்தி வைத்தார்கள். பிள்ளைகள் முன்னால் பொய் சொன்னாயே, வருத்தப்படுகிறாயா என்று கேட்டார்கள். வாசலில் நின்று நான் கேட்டேன். "பொய் சொன்னதுக்கு வருத்தப்படுதேன். பிள்ளைய வெயில்ல எறக்கி விட்டதுக்கு யாரு வருத்தப்படுவா?" என்றாள் சித்தி. ஓய்வுநாள் பள்ளி வகுப்பை அவளிடமிருந்து எடுத்துவிட்டார்கள். கூட்டுக்காரியின் அப்பா வந்து சண்டை பிடிக்கவில்லை. மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். பெஞ்சில் அவள் இடம் காலியாகக் கிடந்தது. எனக்குத் தாராளமாக இடம் கிடைத்தது!

நான் ஆத்திரத்தில் சொன்னேன் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. உண்மை என்று எல்லாரும் பெயர் வைத்துவிட்டார்கள், நானும் அதற்குள் ஒளிந்துகொண்டேன். சித்தியிடமாவது சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாலு வருஷம் போக்கினேன். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து சித்தி போய்விட்டாள்.

திருவிதாங்கூரில் கோயில்களும் தெருக்களும் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்ட பிறகு, ஒருநாள் துணிந்து இந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு கருங்கல் என்கிற ஊருக்குப் போனேன். கூட்டுக்காரியை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மூன்று பிள்ளைகள், சந்தையில் கடை. என்னைப் பார்த்ததும் உட்காரச் சொன்னாள், காப்பி கொடுத்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, அன்று என் இடத்தில் உன்னை உட்காரவைத்த கோபத்தில்தான் சொன்னேன் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

"ஏட்டி, அது எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள் அவள். "வரப்புல நடக்கும்போதே ஒன் சித்தி சொல்லிட்டா. 'அவ இடத்துல ஒன்ன இருத்திட்டேன், அந்தக் கோவத்துல சொல்லிட்டா, தப்பு எம்மேலதான், நீ அவமேல வெறுப்பு வைக்காத'ன்னு சொல்லிச் சொல்லி அழுதா. அவளுக்காவத்தான் நான் ஒன்ன ஒண்ணும் கேக்கல."

சித்திக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் என் தலையைத் தடவினாள். மூப்பர்கள் முன்னால் தலைகுனிந்து நின்றபோதும், நான் படக்கார்டை எடுத்து எடுத்துப் பார்த்தபோதும் அவளுக்குத் தெரியும். நான் சொல்லட்டும் என்று நாலு வருஷம் காத்திருந்தாளோ என்னவோ. அதை இனி யாரிடம் கேட்பது?

பெட்டியைக் கூட்டுக்காரி வாங்கவில்லை. "போன மாசம்தான் பஸ்ஸுல பிள்ளையளக் கூட்டிட்டுப் போனேன். ஆளுக்கொரு பெட்டி வாங்கிட்டு வந்திருக்கு, பாத்தியா?" என்று ஜன்னல் விளிம்பைக் காட்டினாள். மூன்று புதுப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. "நல்லா இருந்து. ஆனா ஒம்பது வயசுல பாத்திருந்தா வேற மாதிரி இருந்திருக்கும், கேட்டியா" என்றாள்.

என் மகள் போயிருக்கிற பஸ் இந்நேரம் அந்தத் தெருவைத் தாண்டியிருக்கும். யாரும் நிறுத்தி எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். சாயங்காலம் பாவாடை முழுக்க மணலோடு, கையில் ஒரு புதுப் பெட்டியோடு வருவாள். இந்தப் பழைய பெட்டியை அலமாரிக்குள் திரும்ப வைக்காமல் மேசைமேல் வைத்திருக்கிறேன். காலையில் கேட்டதை அவள் மறந்திருந்தாலும் நான் சொல்லப்போகிறேன், என் இடம் போயிற்றே என்று கொதித்ததையும் விடாமல் சேர்த்து. கேட்டு முடித்த பிறகு அவள் என்னை எப்படிப் பார்ப்பாளோ, நினைத்தாலே பயமாக இருக்கிறது.