ஒரு வாய்தானே

“ஒரு வாய் தின்னா செத்தா போயிருவா?”

பெரியம்மா சின்னத்தாய் இப்படிக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பிளஸ் டூவோடு நின்றவள் நான். இப்போது பதில் தெரியும்.

என் அம்மா ரோஜா ஆமத்தூரிலிருந்து வேனில் போய், பட்டாசுக் கம்பெனியில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறாள். வேன் ஓட்டும் ராக்கப்பன் அண்ணன் அவளை முன் சீட்டில்தான் உட்கார வைப்பார். “ரோஜாக்கா பின்னால ஏறினா வண்டி முன்னால தூக்கிரும்.” வேனே சிரிக்கும். அம்மாவும் சிரிப்பாள்.

ஒரு நாள் வேலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். இந்த எடையை இதயம் தாங்காது என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அரசு காப்பீட்டில் ஆபரேசன் செய்து இரைப்பையைச் சிறிதாக்கினார்கள். இனி ஒரு நேரத்துக்குச் சின்னக் கிண்ணம் அளவுதான். வேகவைத்த பயறு, முட்டை வெள்ளைக்கரு, கீரை, மீன். எண்ணெயும் உப்பும் குறைவு. மெதுவாக மென்று தின்ன வேண்டும். இவ்வளவுதான்.

எங்கள் தெருவுக்கு அது ஏறவில்லை. பெண்ணுக்கு வயிற்றில் ஆபரேசன் என்றால் அவர்களுக்குத் தெரிந்தது பிள்ளைப்பேறு ஒன்றுதான். பெரியம்மா உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழி பறித்து, நல்லெண்ணெய் ஊற்றிக் கொண்டுவந்தாள்.

“எண்ணெய் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு பெரியம்மா.”

“வயித்தத் தொறந்தவளுக்குக் களி குடுக்காட்டி இடுப்பு நிக்குமாடி? நாளைக்கு டாக்டரா வந்து தண்ணிக் கொடம் தூக்குவாரு?”

அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். “வேண்டாம்க்கா” என்ற அம்மா, அக்காவின் மனசு நோகக் கூடாதென்று கடைசியில் வாயைத் திறந்தாள். அடுத்து எதிர்வீட்டுக் கறிச்சுக்கா ஒரு வாய். பக்கத்து வீட்டு அதிரசம் ஒரு வாய். எல்லாரும் ஒரு வாய்தான் கொடுத்தார்கள். ஒருத்தியும் அடுத்தவள் கொடுத்ததைச் சேர்த்துப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அம்மா வாந்தியெடுத்து, நெஞ்சு படபடத்து, வியர்வையில் நனைந்து கிடந்தாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே திட்டு வாங்கியதும் அம்மாதான். “பொழைக்கணும்னு ஆசை இல்லையாம்மா?” ஊட்டிவிட்டவர்கள் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரம் மாரியம்மன் கோயிலில் பங்குனிப் பொங்கல் சாட்டி, விரதம் இருப்பவர்களுக்குக் காப்புக் கட்டினார்கள். பெரியம்மா கோழிச்சாறோடு வந்தாள். அம்மா கையை நீட்டிக் காட்டினாள். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு.

“ஆத்தாளுக்கு நேந்துருக்கேன்க்கா. எண்ணெய் கெடையாது. உப்பு கொஞ்சம்தான். ஒரு கிண்ணத்துக்கு மேல தொட மாட்டேன்.”

பெரியம்மா சட்டியை மறைத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “இத மொதல்லயே சொல்லக் கூடாதா?” மறுநாள் எண்ணெய் படாமல் பாசிப்பயறு அவித்து அவளே கொண்டுவந்தாள். அம்மா வேலைக்குத் திரும்பியதும் கம்பெனியிலும், “ரோஜாக்கா வெரதம், சேவு பொட்டலத்த அங்கன கொண்டு போங்க” என்றார்களாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டர் சொன்னார், கேட்கவில்லை. அம்மாவே வேண்டாம் என்றாள், கேட்கவில்லை. ஒரு மஞ்சள் கயிறு சொன்னால் கேட்கிறார்கள்.

“எத்தன நாளைக்கும்மா இந்தப் பொய்?”

“பொய்யா? உசுரக் காக்கத்தானடி காப்பு.”

பொங்கல் முடிந்து காப்பைக் கழற்றினாள். மறுநாளே வாசலில் பெரியம்மா, கையில் களிச்சட்டி.

“அதான் வெரதம் முடிஞ்சிருச்சே. ஒரு வாய்தான.”

நான் வாசலை மறித்து நின்றேன். “அன்னைக்குக் கேட்டீகளே பெரியம்மா, ஒரு வாய் தின்னா செத்தா போயிருவான்னு. ஆமா. போயிருவா. ஆஸ்பத்திரியில நான்தான் பாத்தேன்.”

பெரியம்மா சட்டியோடு திரும்பிப் போனாள். இன்னும் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். உள்ளே அம்மா கிண்ணத்துப் பயறை ஒவ்வொன்றாக மென்றுகொண்டிருந்தாள்.

ஒருவர் வேண்டாம் என்றால் அவர் கையில் காப்பு இருக்கிறதா என்று தேடாதீர்கள். இதை உங்களோடு வைத்துக்கொள்ளவும் வேண்டாம். பந்தியில் பரிமாறுகிறவர்களுக்கும், தூக்குச்சட்டியோடு நோயாளியைப் பார்க்கப் புறப்படுகிறவர்களுக்கும் எங்கள் அம்மா கதையைச் சொல்லுங்கள்.