ஈசானி மூலையில் எழுந்த தேங்காய்

தேங்காய் எழுந்து நின்றதை அங்கே கூடியிருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். அதை நெம்பிவிட்ட என் விரலை ஒருவரும் பார்க்கவில்லை.

நான் நிலத்தடி நீர் பற்றிப் படித்தவன். சேலத்தில் ஐந்து வருடம் கல்லையும் மண்ணையும் கட்டிக்கொண்டு அழுதவன். பரீட்சையில் பக்கத்து பெஞ்சு முழுக்க பிட் அடித்தபோது, அடிக்க மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு ஒரு பேப்பரில் தோற்று, மறு வருடம் எழுதித் தேறியவன். பொய் சொல்ல எனக்கு நாக்கு வராது. அதில் கொஞ்சம் திமிரும் உண்டு.

என்னிடம் ஒரு மீட்டர் இருக்கிறது. நான்கு இரும்புக் கம்பிகளைத் தரையில் அடித்து, ஒயர் இழுத்து, மின்சாரம் செலுத்திப் பார்த்தால், கீழே ஈரம் ஓடும் பாறையா, வெறும் பாறையா என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். அந்த 'ஓரளவு'தான் என் பிழைப்பில் மண்ணைப் போட்டது. "ஓரளவுன்னா எப்படீங்க? இருக்குதுங்களா, இல்லீங்களா?" என்பார்கள். உண்மையைச் சொல்வேன். அடுத்த வாரம் வேறொருவரைக் கூப்பிட்டுத் தேங்காய் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு வருடம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். ராசிபுரம் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்க்கும் என் மனைவியின் சம்பளத்தில்தான் இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் ரிக் வண்டிகளுக்கு ஆள் பிடித்துக்கொடுக்கும் ஒரு புரோக்கர்தான் வழி சொன்னார். "ஏனுங்க, நீங்க உங்க மெசினை வெச்சே பாத்துக்கோங்க. கடைசியா கையில ஒரு தேங்காயை எடுத்துட்டு நடங்க. அவ்வளவுதான்."

உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நிலத்தில் நடக்க வேண்டும். தண்ணீர் இருக்கும் இடத்தில் அது தானாக எழுந்து குடுமியோடு நிற்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. விரல் நுனியால் மெல்ல நெம்பி, மணிக்கட்டைத் துளி சாய்த்தால் அது எங்கே வேண்டுமானாலும் நிற்கும் என்பதை ஒரு மத்தியான நேரத்தில் பழகிக்கொண்டேன். 'ஓ' குரூப் ரத்தக்காரன் கையில்தான் நிற்கும் என்று வேறு சொல்வார்கள். என் ரத்தம் 'பி'. கேட்டவர்களிடம் கூசாமல் 'ஓ' என்றேன். மீட்டர் காட்டிய இடத்தில்தானே தேங்காயை நிறுத்துகிறேன், உண்மையைத் தேங்காய் வாயால் சொல்கிறேன், இதில் என்ன தப்பு என்று எனக்கு நானே வக்காலத்து வாங்கிக்கொண்டேன். கூட்டம் வந்தது. எல்லோரும் என்னைச் சாமி என்றார்கள்.

"தேங்காச்சாமி, சட்னிக்கு ஒண்ணு குடுங்க" என்று மனைவி கேலி செய்வாள். ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "மெசின் இல்லைன்னு சொன்னா தேங்கா என்ன சொல்லும்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பாதிச் சோற்றில் எழுந்து போனேன்.

அதற்கப்புறம் நானும் புரோக்கரும் மேச்சேரிப் பக்கம் ஒரு நிலத்துக்குப் போனோம். இரண்டு ஏக்கர் மேட்டு நிலம், ஒரு ஓட்டு வீடு, ஒரு ஆட்டுப்பட்டி. கணவரை இழந்த ஒரு அக்கா தனியாக இருந்து ஆடு வளர்த்துக்கொண்டிருந்தார். போர் போடுவதற்காகப் பட்டியில் பாதிக்கு மேல் ஆடுகளை விற்றிருந்தார். காலையிலிருந்து ஒன்பது இடத்தில் கம்பி அடித்தேன். ஒன்பதிலும் வெறும் பாறை. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

புரோக்கரை ஓரமாக அழைத்துச் சொன்னேன். அவர் சிரித்தார். "வண்டி ரோட்டுல வந்து நிக்குதுங்க. இப்பப் போயி இல்லைன்னா எப்படி? இன்னைக்கு நீங்க இல்லைன்னு சொன்னா, நாளையிலிருந்து நீங்களும் வேண்டாமுங்க." அந்த ஒரு வருடம் எனக்கு ஞாபகம் வந்தது. காலை காப்பிக்கு மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. தேங்காயைக் கையில் எடுத்தேன். வடகிழக்கான ஈசானி மூலையில் நிறுத்தினேன். போர் அங்கே அமைய வேண்டும் என்றுதான் எல்லோரும் ஆசைப்படுவார்கள். அந்த அக்கா பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் இறங்கிய வண்டி சாயங்காலம்வரை ஓட்டியது. எண்ணூறு அடி தாண்டியும் குழியிலிருந்து வெள்ளைப் புகையாகக் கல்மாவுதான் பறந்தது. ஆட்டுப்பட்டி, ஓடு, எங்கள் தலைமுடி எல்லாம் வெளுத்துப்போயின. வண்டிக்காரர்கள் பைப்பை உருவ ஆரம்பித்தார்கள். அந்த அக்கா நேராக என்னை நோக்கி வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட நின்றேன்.

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "மன்னிச்சுக்கோங்க சாமி. தாலியில்லாதவ நான் பக்கத்துல வந்து நின்னிருக்கக் கூடாது. அதான் எந்திரிச்ச தண்ணி எறங்கிப் போச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் புரோக்கர் முந்திக்கொண்டு, "உடுங்கக்கா, ராசி அப்படி" என்றார். நான் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஆமாம், ஏறி உட்கார்ந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பத்து நாள் கழித்து அவரே போன் செய்தார். "மீதி ஆட்டுக்கும் வெலை பேசிட்டனுங்க சாமி. மறுக்கா ஒரு பாயிண்டு பாத்துக் குடுங்க. இந்தத் தடவ நான் வெளிய வரமாட்டேன். என்ற தம்பி பொண்டாட்டி வந்து கற்பூரம் ஏத்துவா." புரோக்கருக்கு ஏற்கெனவே தகவல் போயிருந்தது. நான் மீட்டரை எடுக்கவில்லை. வழியில் ஒரு தேங்காய் மட்டும் வாங்கிக்கொண்டு போனேன்.

களத்தில் புரோக்கரும் தம்பி மனைவியும் கற்பூரத்தட்டோடு நின்றார்கள். அந்த அக்காவைக் காணோம். தன் சொந்த நிலத்தில், தன் ஆட்டை விற்றுப் போடும் போருக்கு, வீட்டுக்குள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தார். இதைச் செய்தவன் நான்.

"அக்கா, வெளிய வாங்க."

"வேண்டாமுங்க சாமி. மறுபடியும் தப்பாயிரும்."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். "தண்ணி அன்னைக்கே இல்லீங்க. மெசினு இல்லைன்னுதான் சொல்லுச்சு. தேங்காயை நாந்தான் எழுப்பினேன்" என்றேன். அவர் காதைப் பொத்திக்கொண்டார். "அப்பிடிச் சொல்லாதீங்க சாமி, பாவம் புடிக்கும்" என்றார். அத்தனை நாள் பொய் சொல்லியிருக்கிறேன், ஒருவரும் சந்தேகப்படவில்லை. முதல்முறையாக உண்மையைச் சொன்னால் நம்ப ஆளில்லை!

அவர் கையை இழுத்து விரித்தேன். தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்து, எந்த விரலால் நெம்ப வேண்டும், மணிக்கட்டை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று காட்டினேன். இரண்டு தரம் உருண்டு விழுந்தது. மூன்றாம் தரம், அந்தச் சிமெண்ட் தரையில், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத வீட்டுக்குள், அவர் கையில் தேங்காய் எழுந்து நின்றது.

அதைப் படுக்கவைத்து, தானாகவே இன்னொரு தரம் எழுப்பிப் பார்த்தார்.

"அப்ப, நான் நின்னதுனால இல்லீங்களா?"

"இல்லீங்க."

"நான் நின்னதுனால இல்லையா?"

"இல்லீங்கக்கா."

தேங்காய் என் தோளில் வந்து விழுந்தது. வலித்தது. "வெளிய போடா!" என்று கத்தினார். "ஆடு போனது போகட்டும்டா. பத்து நாளா நான் கண்ணாடியில என்ற மூஞ்சியப் பாக்கலடா!" அவர் சத்தத்தில் பட்டியில் மீதியிருந்த ஆடுகள் மிரண்டு ஓடின. நான் வெளியே வந்தபோது புரோக்கர் தன் பைக்கை ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார்.

அன்றிலிருந்து தேங்காயைத் தொடுவதில்லை. புரோக்கர்கள் யாரும் கூப்பிடுவதுமில்லை. மாதத்துக்கு ஒன்றிரண்டு இடம் வந்தால் பெரிது. அந்த அக்காவின் ஆட்டுக்கு ஈடாக வேலை கிடைக்கும்போதெல்லாம் கொஞ்சம் அனுப்புகிறேன். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வந்தது என்றும் சொல்லவில்லை. காப்பிக்கு மறுபடியும் மனைவியின் முகத்தைத்தான் பார்க்கிறேன். அவள் கேலி செய்வதை மட்டும் நிறுத்திவிட்டாள். எதற்காக இந்தப் படிப்பைப் படித்தோம் என்று பல நாள் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

போன மாதம் போன் வந்தது. அவர்தான். சாமி போடவில்லை, நலமா என்று கேட்கவில்லை.

"பக்கத்துக் காட்டுல ஒருத்தி போர் போடறாளாம். புள்ள கல்யாணத்துக்கு வெச்சிருந்த நகைய விக்கப் போறா. நீ வந்து பாரு. இருந்தா இருக்குன்னு சொல்லோணும், இல்லாட்டி இல்லைன்னு சொல்லோணும். தேங்கா கீங்கா கொண்டாந்தே, கைய ஒடிச்சுப்புடுவேன்."

"வாரேனுங்க அக்கா" என்றேன். நாலு கம்பியையும் ஒயரையும் தேடி எடுத்துப் பைக்கில் கட்டினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் அந்த நிலத்தின் நட்டநடுவில், எல்லாருக்கும் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.