பெல்ட்டில் மணல் வரவில்லை

மணல் தண்ணீர் மாதிரி ஓடும், திடீரென்று கல் மாதிரி நின்றுவிடும். எப்போது நிற்கும் என்று கணினியில் கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை. உறுதியாகச் சொல்ல முடியாது. முடியும் என்று சொல்லி விற்பவர்கள் எங்கள் ஆபீசிலேயே இருக்கிறார்கள்.

வானகரம் பைபாஸ் பக்கம் ஒரு கான்கிரீட் ஆலைக்கு அப்படித்தான் விற்றார்கள். எம்-சாண்ட், அதாவது கல்லை உடைத்துச் செய்யும் மணல், கொட்டும் புனல் மாதிரியான பெரிய தொட்டி, அடியில் திறப்பு, அதற்குக் கீழே பெல்ட். என் மாடலில் மணல் காய்ந்தது, ஒவ்வொரு துகளும் உருண்டை. ஈர மணலுக்கு இது பொருந்தாது என்று அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தேன். எவனும் படிக்கவில்லை. கலர் கலராக மணல் வழியும் வீடியோவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

மழை விட்ட ஒரு மத்தியானம் அங்கே போனேன். காலையில் தொட்டியை நிரப்பியதோடு சரி. அதற்குப் பிறகு லாரி லாரியாகக் கான்கிரீட் போயிருக்கிறது. இப்போது பெல்ட் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. ஏணியேறிப் பார்த்தேன். மணல் விளிம்புவரை அப்படியே இருந்தது. போன மணல் எல்லாம் அடியிலிருந்து போயிருக்கிறது. உள்ளே குகை. மேலே இருப்பது வெறும் ஓடு.

ஒருவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கையில் கம்பியோடு, விளிம்பில் கால்களை உள்ளே தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். இறங்கி அடைப்பைக் குத்திவிடப் போகிறாராம். அந்தக் கயிறு எதற்கும் உதவாது. மார்புவரை மணலில் புதைந்தவரை எத்தனை பேர் சேர்ந்தாலும் இழுத்து எடுக்க முடியாது.

"இறங்காதீங்க. கீழ காலி."

"கல்லு மாரி கீது மேடம். நேத்தும் மேல நின்னுகினுதான் குத்துனேன்."

சூப்பர்வைசர் கீழே நின்று போனைத் தூக்கிக் காட்டினான். என் வீடியோ. "இன்னா மேடம், உங்க படத்துல ஜோரா ஓடுது, இங்க வந்து பயங்காட்டினு கீறீங்க? மாமே, நீ எறங்கு."

விளிம்பில் இருந்தவரின் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சூப்பர்வைசரைத் திட்டினேன். திட்டியதை இங்கே எழுத முடியாது. கயிறு கட்டியவர் சிரித்துக்கொண்டே, மணல் எவ்வளவு கெட்டி என்று எனக்குக் காட்டக் கம்பியை ஓங்கிக் குத்தினார்.

பெரிய சத்தம் எதுவும் இல்லை. நடுவில் இருந்த மணலைக் காணவில்லை. கம்பியையும் காணவில்லை. அவர் கால்களுக்குக் கீழே இருட்டுதான் இருந்தது. கால்களை மேலே இழுத்துக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

கீழே இருந்தவனுக்குப் பெல்ட் மட்டும்தான் தெரிந்தது. அதில் மணல் குவியலாக வந்துகொண்டிருந்தது.

"பாருங்க மேடம், ஓடுது," என்றான். "மாமே, நாளைக்கு அடைச்சிகினாலும் நீயே வந்துடு."